இருபது தப்படி

அத்தியாயம் 9

கட்டில் போட்ட இந்தச் சுற்றுலா வேனுக்குச் சாவி என்று கொடுத்திருக்கும் பொருளைச் சாவி என்று சொல்ல டெய்லரம்மாவுக்கு இன்னும் வாய் வரவில்லை. அதற்குப் பல் கிடையாது. துவாரத்தில் நுழைவதும் கிடையாது. கோட்டுப் பொத்தானைவிட நாலு மடங்கு பெரிதாக, வழவழவென்று ஒரு கறுப்பு வில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறந்துகொள்ளும். வேனைக் கிளப்பவும் அப்படித்தான். சாவி உள்ளே எங்கேயாவது இருந்தால் போதும், பட்டனை அமுக்க வேண்டியதுதான்.

இதில் பெரிய தலைவலி அவள் கணவருக்குத்தான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். வண்டியைப் பூட்டினால் கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். இந்த வேனோ, பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தால், அவர் பையில் இருக்கும் சாவியை மோப்பம் பிடித்து மறுபடியும் திறந்துகொண்டது. பூட்டினார், இழுத்தார், திறந்தது. மறுபடி பூட்டினார், இழுத்தார், திறந்தது. முதல் நாள் அரை மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது.

"நீ வர்றது தெரிஞ்சு கதவத் திறந்து விடுதுப்பா. மரியாதை குடுக்குது" என்றாள் மகள்.

"எனக்கு மரியாதை வேண்டாம். பூட்டு போதும்" என்றார் டிரைவர்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பூட்டியதும் சாவியை மனைவி கையில் கொடுத்து இருபது தப்படி நடக்கச் சொல்வார். அவள் எண்ணிக்கொண்டே போய் நின்று கையைத் தூக்குவாள். அவர் இரண்டு முறை இழுப்பார். கதவு அசையாது. முகமெல்லாம் பல்லாகக் கட்டை விரலைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் குளிக்கவோ நடக்கவோ கிளம்ப முடியும். மூன்று நாளாக, நாளுக்கு ஐந்து முறை இது நடந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் பக்கத்துக் கூடாரங்களில் தங்கியிருந்தவர்கள் இதை ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

டெய்லரம்மா அலுத்துக்கொள்ளாமல் நடந்தாள். நான்கு மாதம் முன்பு ரிஜிஸ்டர் ஆபீஸில் இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் தன்னை நம்பி ஒருவர் சாவி கொடுக்கிறார் என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

குறை ஒன்றே ஒன்றுதான்.

மகளுக்கு இருபத்தேழு வயது. கட்டட வரைபடம் போடுகிறவள். அப்பாவுக்கு மட்டும் இன்னமும் வாண்டு. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவின் இரண்டாவது கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவள்தான். கெட்ட பெண் இல்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் நான்கு மாதமாக டெய்லரம்மாவை அவள் எதுவென்றும் கூப்பிட்டதில்லை. எதிரில் இருந்தால் 'ஏங்க'. இல்லாவிட்டால் 'அவங்க'. போனில் அப்பாவிடம் 'அவங்க சாப்பிட்டாங்களா' என்று அக்கறையாகத்தான் விசாரிப்பாள். அந்த 'அவங்க'வைக் கேட்கும்போதெல்லாம் டெய்லரம்மாவுக்கு, தான் அந்த வீட்டில் துணி அளவெடுக்க வந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

சென்ற வாரம் கிளம்புகிற நேரம்வரை வருகிறேன், வரவில்லை என்று இழுத்தடித்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறியவள் அவள். இந்தப் பயணத்திலாவது அந்த வாயிலிருந்து ஒரு உறவு முறை வந்துவிடாதா என்பதுதான் டெய்லரம்மாவின் ஒரே ஏக்கம். அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

இன்றைக்கு வாண்டுக்கு முக்கியமான நாள். காலை பதினொரு மணிக்கு வேலைக்கான கடைசிச் சுற்றுப் பேட்டி. வேனுக்குள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். ஏற்கெனவே இரண்டு சுற்று தாண்டிவிட்டாள். போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டை தோளில் தொளதொளவென்று நிற்பதைப் பார்த்து, டெய்லரம்மா அதைக் கேட்டு வாங்கிப் பிரித்து, அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள்.

"தேங்க்ஸ்ங்க" என்றாள் வாண்டு.

காலைச் சாப்பாட்டின்போது பேச்சு மறுபடியும் சாவிக்கு வந்தது. இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அதை வெறுமனே உள்ளே வைத்தால், சாவி உள்ளே இருக்கிறது என்று வேன் பூட்ட மறுத்துக் கூச்சல் போடும். அதனால் சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, டெய்லரம்மாவின் பட்டன் டப்பாவுக்குள் போட்டு இறுக மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார் டிரைவர். வேனையே ஏமாற்றிவிட்ட பெருமை அவருக்கு.

"ரெண்டாவது சாவி எதுக்குப்பா?" என்று கேட்டாள் வாண்டு.

"மொத சாவி தொலைஞ்சா திறக்கறதுக்கு."

"அப்ப அந்த டப்பாவ எடுக்க வேனுக்குள்ள எப்படிப் போவ?"

டிரைவர் உதட்டுக்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாண்டும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு வாண்டு நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினாள். பதற்றம் வந்தால் அவளுக்கு நீந்த வேண்டும். "இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்று துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். போன், மடிக்கணினி, சட்டை எல்லாம் வேனுக்குள்.

டிரைவர் வெயில் காய ஒரு மடக்கு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார். வேனைப் பூட்டினார். சாவியை மனைவியிடம் நீட்டினார்.

அவள் அதைத் தன் நீல மேலங்கியின் வயிற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். நேற்றுச் சாயங்காலம் வேனை ஏரிப் பக்கம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். அதனால் இன்றைக்கு இருபதாவது தப்படி படகுத் துறையின் பலகை மேல் போய் விழுந்தது. நின்று கையைத் தூக்கினாள். அவர் இழுத்தார், மறுபடி இழுத்தார், கட்டை விரலைக் காட்டினார், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பத்தான் போனாள். ஆனால் பக்கத்தில் ஏதோ படபடவென்று அடித்தது.

துறையில் கட்டியிருந்த படகின் மேல் படுதா பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. ஏரியைச் சுற்றிக் காட்டுகிற படகு அது. ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷமாகக் கிழிசல் தைத்தே வாழ்ந்த ஒருத்தி இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வர முடியுமா? கை நமநமவென்று அரித்தது.

"இப்படியே விட்டா முழுசும் போயிடும்" என்றாள் படகுக்காரரிடம்.

"தெரியும்மா. சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

"சாயங்காலம் வரைக்கும் இது தாங்காது. நகருங்க, அஞ்சு நிமிஷம்."

மேலங்கியின் கழுத்துப் பட்டிக்கு உள்ளே நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அதை உருவிக்கொண்டு படகில் ஏறினாள். பின் பலகையில் நின்று, கரைக்கு முதுகைக் காட்டியபடி, படுதாவை மடித்துப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். தைக்கத் தொடங்கிவிட்டால் அவளுக்குக் காது அடைத்துவிடும். இன்ஜின் சத்தம் ஏதோ கேட்டது. காலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. படகுக்காரரோ, இவளும் சுற்றிப் பார்க்க வந்தவள்தான், போகிற வழியில் புண்ணியத்துக்குத் தைத்துத் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நேரமானதும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்துவிட்டு டெய்லரம்மா திரும்பினாள். துறையைக் காணோம்.

துறை அங்கேயேதான் இருந்தது. இவள்தான் நாற்பது ஐம்பது கஜம் தள்ளி வந்திருந்தாள்.

"ஐயோ, நான் வரலைங்க. தைக்கத்தான் ஏறினேன். திருப்புங்க" என்றாள்.

"எப்படிம்மா திருப்பறது? அங்க பாருங்க, அடுத்த படகு உள்ள வந்துடுச்சு. ஒரு படகுதான் நிக்க முடியும். சும்மா உக்காருங்க, ஒரு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடறேன். காசெல்லாம் வேண்டாம்."

சரி, ஒரு மணி நேரம்தானே, என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கரையில் டிரைவர் துண்டை ஆட்டுவது தெரிந்தது. பாசமாக வழியனுப்புகிறார் என்று எண்ணி இவளும் கையை ஆட்டினாள். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். இவளும் இன்னும் வேகமாக ஆட்டினாள்.

"இந்தாம்மா" என்று அவர் கத்துவது கேட்டது. மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். படகில் இருந்த பெண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

அப்போது ஈரத் தலையோடு வாண்டு துறைப் பலகை மேல் ஓடி வந்தாள். "ஏங்க" என்றாள். "ஏங்க, ஏங்க" என்று கையை வாயருகே குவித்துக் கத்தினாள். இப்போது ஆண்களும் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து, "என்னையா?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

வாண்டு கையை இறக்கிவிட்டு ஒரு வினாடி நின்றாள். பிறகு மூச்சை இழுத்து முழுத் தொண்டையில் கூப்பிட்டாள்.

"சித்தி!"

டெய்லரம்மா திரும்பவில்லை. யாரோ ஒரு பாக்கியசாலியைக் கூப்பிடுகிறார்கள் என்று படகுக்குள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"சித்தி! சாவி! உங்க பையில!"

அவள் கை தானாக வயிற்றுப் பைக்குப் போனது. விரலில் அந்த வழவழப்பு பட்டது. சட்டை, போன், கணினி எல்லாம் வேனுக்குள். இன்னொரு சாவியும் வேனுக்குள், பட்டன் டப்பாவுக்குள். மணி பத்து இருபத்தைந்து. படகு திரும்ப பதினொன்றேகால் ஆகும்.

நான்கு மாதமாகக் காத்திருந்த வார்த்தையை அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அதே நாளில் அவள் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறோமே என்று டெய்லரம்மாவுக்கு அழுகை முட்டியது. இப்போது அழுதால் ஒரு காரியமும் ஆகாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"இன்ஜின நிறுத்துங்க" என்றாள் படகுக்காரரிடம். கடையில் தைக்கிற பெண்களிடம் பேசும் குரல் அது. "ரெண்டே நிமிஷம். உங்க படுதாவத் தச்சுக் குடுத்தேன்ல?"

இன்ஜின் நின்றது. கரையில் வாண்டு அதற்குள் புரிந்துகொண்டு தண்ணீரில் பாய்ந்திருந்தாள்.

இந்தச் சாவி நனைந்தால் போச்சு. டெய்லரம்மா படகைக் கண்ணால் துழாவினாள். ஒரு பெண்மணி மடியில் பாலிதீன் பை நிறைய ரொட்டி வைத்திருந்தாள். கேட்பதற்கு முன்பே ரொட்டியை மடியில் கொட்டிக்கொண்டு பையை நீட்டினாள்.

"உள்ள வெச்சு வாயத் தச்சுடுங்களேன்" என்றாள் அவள்.

"ஊசி போற ஓட்டையில தண்ணியும் போகும்மா" என்றாள் டெய்லரம்மா.

பையை உதறி, சாவியை உள்ளே போட்டு, வாயை வைத்து ஊதினாள். பை உப்பியது. கழுத்தை முறுக்கி, மடக்கி, மறுபடி முறுக்கி, பட்டன் கட்டுகிற கெட்டி நூலால் முப்பது சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். காது அருகே வைத்து அமுக்கிப் பார்த்தாள். காற்று வெளியே வரவில்லை.

வாண்டு படகின் ஓரத்தைப் பிடித்து மேல் மூச்சு வாங்கினாள். டெய்லரம்மா குனிந்து பையைக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இடது கை பட்டன் புதுசு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பாத்துப் போடு."

"சரி" என்றாள் வாண்டு. பை முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நீந்தினாள். உப்பிய பை அவள் முகத்துக்கு முன்னால் மிதந்து போனது. படகே கை தட்டியது. கரை ஏறியவள் பையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கைப்பிடியைத் தொட்டாள். வேனின் விளக்குகள் இரண்டு முறை மின்னியது டெய்லரம்மாவுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"உங்க அக்கா பொண்ணா?" என்றாள் ரொட்டிக்காரப் பெண்மணி.

"இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் டெய்லரம்மா. 

அந்த ஒரு மணி நேரம் படகுக்காரர் எதை எதையோ காட்டினார். தீவைக் காட்டினார், பறவையைக் காட்டினார். டெய்லரம்மா எதையும் பார்க்கவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டது கணக்கில் சேருமா, சேராதா? தீ பிடித்தால் யாரையும் எப்படியும் கூப்பிடத்தான் செய்வார்கள். சாவி கைக்கு வந்ததும் 'சரி' என்று மட்டும்தானே சொன்னாள். இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு ஏரியை முழுசாகச் சுற்றி வந்தாள்.

பதினொன்று இருபதுக்குக் கரை இறங்கினாள். வேனுக்குப் பத்தடி முன்னால் நாற்காலியைப் போட்டு டிரைவர் காவல் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"உள்ள பேசிட்டு இருக்கா. பத்து நிமிஷத்துல தலையத் துவட்டி, சட்டைய மாட்டி உக்காந்துட்டா."

"என் மேல கோவமா இருந்தாளா?"

"உன்ன ஒண்ணும் சொல்லல. என்னத்தான் பிடிச்சு வாங்கினா. ரெண்டு சாவி இருந்தும் குடும்பமே வெளிய நிக்குதேன்னு." அவர் கொஞ்சம் நெளிந்தார். "யோசிச்சுட்டேன். ரெண்டாவது சாவி இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப உங்ககிட்ட ஒண்ணு இருக்கும், என்கிட்ட ஒண்ணு இருக்கும். பூட்டிச்சான்னு எப்படிப் பாப்பீங்க? ரெண்டு பேரும் இருபது தப்படி நடந்துட்டா, இழுக்கறது யாரு?"

டிரைவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. அவர் மறுபடியும் யோசிக்கத் தொடங்கினார். டெய்லரம்மாவுக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பத்தடிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்ற பயம் மட்டும் இல்லாவிட்டால் வாய்விட்டே சிரித்திருப்பாள்.

வேன் கதவு ஒரு சாண் திறந்தது. டிரைவர் துள்ளி எழுந்தார்.

"நீ இருப்பா" என்றாள் வாண்டு. பிறகு சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற குரலில், "சித்தி, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

இப்போது படகும் இல்லை, அவசரமும் இல்லை. டெய்லரம்மா கால் தரையில் பாவாமல் போய் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.

சட்டை தோளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழே இன்னும் ஈர நீச்சல் உடைதான். வாண்டு அவளைக் கட்டிலில் உட்காரவைத்துத் தானும் ஒட்டி உட்கார்ந்தாள்.

"வேலை குடுத்துட்டாங்க, சித்தி."

டெய்லரம்மா அந்த ஈரத் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். இதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணும் விலகவில்லை. தோளில் முகத்தை வைத்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"ஆனா வேலை இங்க இல்ல. கடல் தாண்டி. இருபத்திரண்டு நாள்ல கிளம்பணும்னு சொல்றாங்க. நான் சரின்னுட்டேன். அப்பாவுக்கு இது எதுவுமே தெரியாது. நம்ம ஊர் ஆபீஸ்னுதான் நினைச்சிட்டிருக்கார். சொன்னா தாங்க மாட்டார், இல்லன்னா இந்த வேனையே கப்பல்ல ஏத்திட்டுப் பின்னாடியே வந்துடுவார். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

நான்கு மாதம் காத்திருந்து, இன்றைக்குக் காலையில்தான் கைக்கு வந்த பெண். இருபத்திரண்டு நாளில் கிளம்புகிறாளாம். டெய்லரம்மாவின் நெஞ்சு கனத்தது. ஆனாலும் 'மொதல்ல உங்ககிட்ட' என்று அவள் சொன்னது அந்தக் கனத்துக்கு மேலே இனித்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள்.

"என்ன ஆச்சு? கிடைச்சுதா இல்லையா? என்ன அங்க குசுகுசுன்னு?" என்றது டிரைவர் குரல்.

வாண்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து டெய்லரம்மா கணவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"கிடைச்சுடுச்சுங்க" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சட்டை பட்டன்தான் மாட்டிக்கிச்சு, கழட்ட வரல. நீங்க உக்காருங்க, நாங்க வர்றோம்."